பலத்த மழை, பலத்த காற்று, கொஞ்சம் ஆங்கிலச் சொல்வளம்

குன்னூரில் மாலை வேளையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஐஈஎல்டிஎஸ், ஓஈடி என்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதும் நர்சுகள், ஹோட்டல் ரிசப்ஷனில் இருப்பவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், தேயிலை ஏல புரோக்கர் ஆபீசில் வேலை பார்க்கிற ஓரிருவர் என்று கலவையான கூட்டம். எல்லோருக்கும் ஓரளவு ஆங்கிலம் வரும். பேப்பர் படிப்பார்கள், மெயில் எழுதுவார்கள், அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே நிற்பார்கள். வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, வொக்காபுலரி ஏத்தணும், நல்ல லிஸ்ட் ஏதாவது இருக்கா?"

லிஸ்ட் தர மாட்டேன் என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் என்று அச்சடித்து விற்கிறார்களே, அந்தப் பட்டியல்கள் படிக்கும்போது ஓரளவு கைகொடுக்கும், எழுத உட்காரும்போது காலை வாரிவிடும்.

ஸ்கேர்ஸ், ரேர் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எதிரே 'அரிதான' என்றுதான் போட்டிருக்கும். முக்குருத்தி பக்கம் மேய்கிற வரையாடு ரேர். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அதை வேறெங்கும் இயற்கையாகப் பார்க்க முடியாது, இருக்கிற எண்ணிக்கையே குறைவு. கோடையில் குன்னூரில் குடிதண்ணீர் ஸ்கேர்ஸ், ஏனென்றால் தேவைக்குப் போதவில்லை. மழை பிடித்துவிட்டால் தண்ணீருக்கு அந்தச் சொல் பொருந்தாது, வரையாடு மட்டும் எந்தப் பருவத்திலும் ரேர்தான். ஒரு நல்ல அகராதி இதை ஒரே வரியில் பிரித்துக் காட்டிவிடும்: வேண்டிய அளவு கிடைக்காதது ஒன்று, அடிக்கடி காண முடியாதது இன்னொன்று. அந்த ஒரு வரியைப் படிக்காமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர், தேர்வில் 'வாட்டர் இஸ் ரேர்' என்று எழுதிவிட்டு ஏன் மதிப்பெண் போனது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். பாவம், உழைப்பில் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அது பனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகிவிடும், விடியற்காலையிலேயே போட்டோ எடுக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அந்தக் காட்சியை விவரித்து எழுதச் சொன்னால் பலரும் ஸ்னோஃபால் என்றுதான் தொடங்குகிறார்கள். "அக்கா, பனின்னா ஸ்னோதானே, டிக்‌ஷனரில அப்படித்தான் போட்டிருக்கு" என்பார்கள். போட்டிருப்பது உண்மைதான். ஆனால் ஸ்னோ மேகத்திலிருந்து விழுவது. ஊட்டியில் நாம் பார்ப்பது ஃப்ராஸ்ட். வானம் தெளிந்திருக்கிற இரவில் தரை சூட்டை இழந்து உறைநிலைக்குக் கீழே போய்விடும், காற்றில் இருக்கிற ஈரம் புல்லின் மேலேயே பனிக்கட்டியாகப் படிந்துவிடும், எதுவும் மேலிருந்து விழுவதில்லை. உறைபனிக் காலத்துக்கு முன்னால் வருகிற நீர்ப்பனி ட்யூ. மேட்டுப்பாளையம் சாலையில் எதிரே வருகிற பஸ்ஸைக்கூட மறைத்துவிடுகிற மூடுபனி ஃபாக். அதுவே கொஞ்சம் விலகி எதிர் மலை மங்கலாகத் தெரிந்தால் மிஸ்ட். வானிலைத் துறையினர் இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஃபாக், அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். ஹேஸ் என்பது இவற்றோடு சேராது, அது தூசியாலும் புகையாலும் வருகிற மங்கல். குன்னூர் பக்கம் லாம்ஸ் ராக் காட்சிமுனையில் நின்று கோடையில் சமவெளியைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது அதுதான்.

இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி என்று தமிழிலேயே அழகாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியல்தான் எல்லாவற்றையும் 'பனி' என்ற ஒரே கட்டத்துக்குள் தள்ளி, தெரிந்ததையும் மறக்கடிக்கிறது.

பெயர்ச்சொல்லோடு நின்றுவிடக் கூடாது, அதனோடு எந்த வினை வருகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்னோ 'ஃபால்' ஆகும், ஃப்ராஸ்ட் 'ஃபார்ம்' ஆகும். ஃபாக் விலகுவதைச் சொல்ல 'லிஃப்ட்', 'கிளியர்' இரண்டும் வரும். தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகினால் ஃப்ராஸ்ட் டேமேஜ். ஃப்ராஸ்ட்பைட் மனிதர்களின் விரலுக்கும் மூக்குக்கும் வருவது, செடிக்கு அது பொருந்தாது. இதெல்லாம் நல்ல அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது. நாம்தான் அர்த்தத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறோம்.

இந்தச் சேர்க்கை விஷயம்தான் என் வகுப்பில் அதிக நேரம் எடுக்கிறது, எடுக்கட்டும் என்றுதான் விடுகிறேன். தமிழில் 'பலத்த' என்ற ஒரே சொல் எத்தனை இடத்துக்கு வருகிறது பாருங்கள். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த போட்டி. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், காயத்துக்கு சீரியஸ் அல்லது சிவியர், பாதுகாப்புக்கு டைட், போட்டிக்கு ஸ்டிஃப் அல்லது டஃப். 'ஹெவி விண்ட்' என்று நம்மூர் ஆங்கிலத்தில் அடிக்கடி பார்க்கிறேன். இலக்கணப்படி அதில் தவறு சொல்ல முடியாது, ஆனால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராங் என்றுதான் சொல்வார்கள். ஏன் ஹெவி வரக் கூடாது என்று கேட்டால் காரணம் கிடையாது. சொற்கள் இப்படித்தான் கூடிப் பழகியிருக்கின்றன, அவ்வளவுதான். இதை முதலில் ஆழமாகப் பேசியவர்களில் ஒருவரான ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1920-களில் லாகூரில் பேராசிரியராக இருந்தவர். ஒரு சொல்லின் பொருளில் அதனோடு சேர்ந்து வருகிற சொற்களுக்கும் பங்கு உண்டு என்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் ஹாலிடே 1966-இல் கொடுத்த உதாரணம் தேயிலை நாட்டுக்காரர்களுக்கு என்றே எழுதியது போல இருக்கும்: டீ ஸ்ட்ராங்காக இருக்கும், பவர்ஃபுல்லாக இருக்காது, கார்தான் பவர்ஃபுல். அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இடம் மாற்றிப் போட முடியாது.

மேல்நிலைச் சொற்களுக்கு வந்தால் இது இன்னும் முக்கியம். மிட்டிகேட், அலீவியேட் இரண்டுக்கும் பட்டியலில் 'தணித்தல், குறைத்தல்' என்று இருக்கும். வாக்கியங்களைப் பத்து இருபது பார்த்தால் தெரிந்துவிடும், மிட்டிகேட்டுக்குப் பக்கத்தில் ரிஸ்க், இம்பாக்ட், எஃபெக்ட்ஸ் மாதிரிச் சொற்கள் வந்து நிற்கின்றன, அலீவியேட்டுக்குப் பக்கத்தில் பெயின், சஃபரிங், பாவர்ட்டி. மலைச்சரிவில் தடுப்புச் சுவர் கட்டி மண்சரிவு அபாயத்தைக் குறைப்பது மிட்டிகேட். நோயாளியின் மூட்டுவலியை மருந்தால் குறைப்பது அலீவியேட். ஓஈடி எழுதுகிற நர்சுக்கு இரண்டாவது சொல் தினமும் வேண்டியது, அதைச் சரியான துணையோடு எழுதத் தெரிந்தால் அந்த வரியே எடுப்பாக இருக்கும்.

சரி, எந்த அகராதி? ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் முதலில் திறக்க வேண்டியது லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே ஆங்கிலத்திலேயே எழுதிய அகராதி. இவற்றின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஏனென்றால் இவை உருவானதற்குக் காரணமே நம்மைப் போன்றவர்கள்தான். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1935-இல் அவர் ஓர் அகராதி கொண்டுவந்தார். அதில் சுமார் 24,000 பதிவுகள், அத்தனைக்கும் விளக்கம் எழுத அவர் பயன்படுத்திய சொற்கள் வெறும் 1,490. கடினமான சொல்லுக்கு அதைவிடக் கடினமான விளக்கம் கொடுத்தால் யாருக்கு என்ன பயன் என்று யோசித்திருக்கிறார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தன் நண்பர்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை எடுத்து வெளியிட்டது, இன்று ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று கடைகளில் இருப்பது அதன் வாரிசுதான். 1978-இல் லாங்மன் பதிப்பகம் தன் அகராதியில் சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே ஏறக்குறைய எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987-இல் வந்த கோபில்டு அகராதி இன்னொரு படி மேலே போய், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், உண்மையாகப் பேசப்பட்ட, எழுதப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் சேர்த்து அதிலிருந்து எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தது, விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே எழுதியது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்கிற அந்த வாக்கியமே, அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்றும் காட்டிவிடும். நான் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல கருவி பார்த்ததில்லை.

ஒரு பதிவைத் திறந்தால் என்னென்ன பார்ப்பது? விளக்கத்தை இரண்டு தடவை மெதுவாகப் படியுங்கள். முதல் அர்த்தத்தோடு ஓடிவிடாதீர்கள், நீங்கள் பார்த்த வாக்கியத்துக்கு மூன்றாவது அர்த்தம்தான் பொருந்தும் என்றும் இருக்கலாம். அப்புறம் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தைக் கவனியுங்கள், எண்ண முடிகிறதா, முடியாதா என்று அது சொல்லும். அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் எதற்கும் கடைசியில் 'ஸ்' வராது. ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள் 'லக்கேஜஸ்' என்பதை நிறுத்துவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வினைச்சொல் என்றால் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். டிஸ்கஸ் என்பதற்குப் பின்னால் 'அபவுட்' வராது, நாம் 'அதைப் பற்றி' என்று நினைப்பதால் அது தானாக ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ப்ளெய்ன் செய்வது ஒருவருக்கு என்றால் நடுவில் 'டு' வேண்டும். அவாய்டு என்பதற்குப் பின் 'இங்' வடிவம், ரெலக்டன்ட் என்பதற்குப் பின் 'டு'வோடு வினை. டெஸ்பைட்டுக்கு 'ஆஃப்' கிடையாது.

இன்னொன்றும் உண்டு, பலர் கண்ணில் படாதது: ஃபார்மல், இன்ஃபார்மல், டிஸ்அப்ரூவிங், ஓல்டு ஃபேஷன்டு என்று சாய்வெழுத்தில் வருகிற குறிப்புகள். ஸ்லிம், தின், லீன், ஸ்கின்னி, காண்ட் ஐந்தும் தமிழில் ஒல்லிதான். நோயாளியின் உறவினரிடம் போய், அவர் ஸ்கின்னியாக இருக்கிறார் என்று ஒரு நர்ஸ் சொன்னால் மனம் புண்படும், ஸ்லிம் என்றால் பாராட்டு, காண்ட் என்றால் நோயாலோ பசியாலோ வற்றிப்போன முகம். நோட்டோரியஸ் என்பதும் 'பெயர்பெற்ற'தான், ஆனால் கெட்ட பெயர். கோத்தகிரி ஹோட்டல் ஒன்றுக்கு விளம்பரம் எழுதிப் பழகிய ஒரு தம்பி 'நோட்டோரியஸ் ஃபார் ஹாஸ்பிட்டாலிட்டி' என்று எழுதிக் கொண்டுவந்தான். அகராதியைத் திறந்து அவனையே படிக்கச் சொன்னேன், தானே திருத்திவிட்டான், இனி ஒருநாளும் மறக்க மாட்டான்.

வீட்டில் படுகர் இனத்தாரின் படுகு மொழி பேசி, பள்ளியில் தமிழ் படித்து, மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் நிறைய. அவர்களுக்குத் தமிழ் அர்த்தம் என்பதே ஒரு மொழி தாண்டி இருப்பது. அதனால் தமிழ் அர்த்தத்தைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன், அதுவும் ஒற்றைச் சொல்லாக வேண்டாம், ஒரு வாக்கியமாக இருந்தால் போதும், வீட்டில் பேசுகிற மொழியிலேயே இருந்தாலும் சரி. ரெலக்டன்ட் என்பதற்குப் பட்டியலில் 'விருப்பமற்ற' என்று இருக்கும். ஒரு பெண் எழுதியது: "மழையில வேலைக்குப் போக மனசே வரல, ஆனா போவேன்." அந்த 'ஆனா போவேன்'தான் முக்கியம், முழுதாக மறுத்துவிட்டால் அது ரெஃப்யூஸ் ஆகிவிடும்.

தேயிலைக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்டது வேறு. அவர்களுடைய ஆங்கிலம் தனி. பிரிஸ்க் என்றால் பொது அகராதியில் சுறுசுறுப்பான, வேகமான நடைக்கும் நன்றாக ஓடுகிற வியாபாரத்துக்கும் வரும். டீ டேஸ்டர் ஒரு டீயை பிரிஸ்க் என்றால் அது நாக்கில் உயிரோட்டமாகப் படுகிறது என்று அர்த்தம், அதற்கு எதிர்ப்பதம் ஃப்ளாட். விதர் என்றால் செடி வாடிக் காய்ந்து போவது, கேட்கவே துக்கமான சொல். ஃபேக்டரியில் அது ஒரு நல்ல வேலை: பறித்த கொழுந்தைப் பரப்பி, காற்று விட்டு, மணிக்கணக்கில் ஈரம் குறைத்து, அடுத்த கட்டத்துக்குப் பதமாக்குவது. அங்கே யாரும் கொழுந்து தானாக வாடட்டும் என்று விடுவதில்லை, ஆட்கள்தான் அதை வாட்டுகிறார்கள், ஆங்கில வினையும் அப்படியே செயப்படுபொருளை எடுத்துக்கொள்கிறது. உங்கள் தொழிலில் இப்படிப் பத்துச் சொற்களாவது இருக்கும், அவற்றின் பொது அர்த்தத்தையும் தொழில் அர்த்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏற்கெனவே பாதி தெரிந்த சொல்லை முழுதாகத் தெரிந்துகொள்வது, புதுச் சொல் ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பெரிய லாபம் என்பது என் அனுபவம்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்று கேட்பார்கள். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் பால் நேஷன், வெளி உதவி இல்லாமல் நாவலும் செய்தித்தாளும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் கணக்கிட்டார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து வருகிற வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். அதே பல்கலைக்கழகத்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள்தான், ஆனால் பல்கலைக்கழகப் பாடநூல்களில் வருகிற சொற்களில் சுமார் பத்தில் ஒன்று அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஐஈஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். பட்டியல் வேண்டாம் என்றவள் பட்டியலைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். எந்தச் சொல்லை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யப் பட்டியல் உதவும், அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள அகராதிக்கும் வாக்கியங்களுக்கும்தான் போக வேண்டும். ரீல்ஸில் 'இந்த வார்த்தை சொன்னா எல்லாரும் அசந்துடுவாங்க' என்று வருகிற வாயில் நுழையாத சொற்களுக்கு நேரம் செலவழிக்காதீர்கள், ஆங்கிலேயர்களில் பெரும்பாலோரே அவற்றைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறதிக்கு மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. 1885-இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, கற்றது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறது என்று காட்டிவிட்டார். அதனால் அன்று இரவே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பாருங்கள். அட்டையில் எழுதும்போது சொல்லும் அர்த்தமும் எழுதாமல், சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட வாக்கியத்தை எழுதுங்கள். அந்த வாக்கியம் உங்கள் ஊரைப் பற்றியதாக இருக்கட்டும்: கவாத்து வெட்டிய தோட்டம், நடுவழியில் நின்றுபோன மலை ரயில், பச்சைத் தேயிலை விலை, ஆஸ்பத்திரி நைட் டியூட்டி. லண்டன் குழாய் ரயிலைப் பற்றிய வாக்கியம் மனதில் நிற்பதில்லை.

வங்கித் தேர்வுக்காரர்கள் மட்டும் இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பார்கள், ஒரே பொருள் தரும் சொல்லைக் கேட்பதால் பட்டியலே போதும் என்று வாதாடுவார்கள். ஆனால் அதே தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதும், பத்திக்குள் சொல்லைப் பொருத்துவதும் இருக்கிறதே, அங்கே விடைகள் பல நேரம் கிட்டத்தட்ட ஒரே அர்த்தத்தில்தான் இருக்கும், பக்கத்தில் நிற்கிற சொல்தான் எது சரி என்று சொல்லும்.

அகராதிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் லேர்னர்ஸ் அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. தேடும்போது 'லேர்னர்ஸ்' என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள், ஏனென்றால் கூகுள் மேலே பெட்டியில் காட்டுகிற விளக்கம் பெரும்பாலும் தாய்மொழிக்காரர்களுக்கு எழுதியது, அதில் இந்தச் சேர்க்கைக் குறிப்புகள் இருக்காது. எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் வராமல் திண்டாடுகிறவர்கள் அச்சுப் புத்தகமே வாங்கிவிடுங்கள். பழைய பதிப்பு, பழைய புத்தகக் கடையில் கிடைப்பதே போதும், அண்மையில் வந்த புதுச் சொற்கள் சில இருக்காது, அவ்வளவுதான்.